முப்பது வயதில் மாணவியானவர்



சென்னைத் திருவல்லிக்கேணிப் பக்கம் போய் வந்த நம்மவருக்குக் கோஷா ஆஸ்பத்திரியைத் தெரியாமலிராது. வாலாஜா பள்ளிவாசலுக்கும் நவாபின் சேப்பாக்கம் மாளிகைக்கும் வெகுதூரமில்லாமல் அமைந்திருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரி அது. சர்க்கார் ஏடுகளில் அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. ஆயினும் ஜனங்களின் வாயில் இன்றளவும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

கோஷா என்ற அந்தச் சொல், அந்நாளில் திரைமறைவில் வாழ்ந்த நம் முஸ்லிம் மாதரைக் குறிப்பது. அவர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி எழும்ப வேண்டுமென்று அலைந்து பாடுபட்டவர் முஸ்லிமும் அல்லர், இந்தியரும் அல்லர். லண்டனில் பிறந்து, பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்த டாக்டர் மேரி ஷார்லிப் என்ற ஆங்கில மாதுதான் அவர். அவர் வைத்தியக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்த ஆண்டில் அவருக்கு முப்பது வயது நிறைந்தது. அப்பொழுது அவர் மூன்று குழந்தைகளுக்குத் தாய்.

பருவம் தவறி விதைத்த பயிர் வீடு வந்து சேராது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். வியாபாரத்தில் அது பெரும்பாலும் உண்மையே. நோன்புப் பெருநாளுக்கென்று வந்திறங்க வேண்டிய துணிச் சரக்கு பெருநாள் கழிந்து வந்தால் அதை வாங்க ஆள் ஏது? ஆனால் அதே கணக்கை நாம் கல்விக்கும் போட்டுவிடுகிறோம். பத்தொன்பது, இருபது வயதில் மருத்துவப் படிப்பில் சேராதவருக்கு இனி அது இல்லையென்று பேரேட்டை மூடி வைத்துவிடுகிறோம். அந்தக் கணக்கு சரிதானா என்று சிந்திப்பதற்காகவே இம்மாதரசியின் வரலாற்றை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

மேரி 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் தேதி பிறந்தார். இவரைப் பெற்ற சில தினங்களுக்குள் தாயார் பிரசவக் காய்ச்சலால் மாண்டுபோனார். அக்காலத்தில் ஐரோப்பாவில் அந்தக் காய்ச்சலுக்கு இரையான தாய்மார் கணக்கிலடங்கார். கழுவாத கைகளோடு வரும் மருத்துவர்களே அதைப் பரப்புகிறார்கள் என்பதை ஸெம்மல்வைஸ் என்ற மருத்துவர் வியன்னா நகரில் 1847-ல் கண்டறிந்தார். உலகம் அதை ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. தாயில்லாக் குழந்தை, தெய்வ பக்தியும் கண்டிப்பும் மிகுந்த பாட்டன் பாட்டியின் இல்லத்தில் வளர்ந்தது.

இருபது வயதில், 1865-ன் இறுதியில், வில்லியம் ஷார்லிப் என்பவரை மேரி மணந்தார். சென்னையில் பாரிஸ்டராகத் தொழில் நடத்தப் புறப்பட்டிருந்த அவருடன் 1866-ல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். கணவர் சட்டப் பத்திரிகைகளும் நடத்தி வந்தார். அவற்றுக்கு வேண்டிய எழுத்து வேலைகளில் மேரி உதவினார். வீடு, பிள்ளைகள், பத்திரிகை வேலை என்று காலம் சென்றது. அந்நாளில் அவரைக் கண்டவர் எவரும் இந்த அம்மாள் ஒருநாள் டாக்டராவார் என்று நினைத்திருக்க மாட்டார்.

சென்னையில் வசித்த ஆண்டுகளில் ஒரு செய்தி அவர் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. முஸ்லிம் இல்லங்களிலும் உயர்சாதி ஹிந்து இல்லங்களிலும் பெண்கள் பிரசவ வேதனையில் துடித்தாலும், ஆண் டாக்டரை உள்ளே விடுவதில்லை என்பதே அது. அந்தப் பெண்களும் ஆடவர் கைபடுவதைவிட மரணமே மேலென்று எண்ணினார்கள். பழக்கப்பட்ட மருத்துவச்சியின் கைவசம் சுகப்பிரசவத்துக்கு வேண்டிய அனுபவம் இருந்தது. ஆனால் பிள்ளை குறுக்கே திரும்பிவிட்டாலோ உதிரப் பெருக்கு நில்லாமற் போனாலோ அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சில பர்லாங்கு தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தும், மறைவுக்குப் பங்கமில்லாமல் சிகிச்சை செய்ய ஒரு பெண் டாக்டர் இல்லாத ஒரே காரணத்தால் தாயும் பிள்ளையும் மடிந்தனர். பிறந்தவுடன் தாயைப் பறிகொடுத்த மேரிக்கு இச்செய்தி வெறும் செய்தியாக இருந்திருக்க முடியாது.

அவர் முதலில் டாக்டராக வேண்டுமென்று புறப்படவில்லை. தம்மால் எட்டக்கூடியதை முதலில் எட்டினார். சென்னையிலிருந்த சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஓராண்டு மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அந்தப் பயிற்சியே அவருக்கு அடுத்த பாடத்தைக் கற்பித்தது. ஆபத்தான பிரசவங்களில் மருத்துவச்சியின் அறிவு போதாது, முழு வைத்தியக் கல்வி வேண்டும் என்பது விளங்கிற்று. அதற்கோ வழியில்லை. அப்பொழுது சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர்க்கப்படுவதில்லை.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேரி காலங்கடந்து படிக்க வந்தார் என்கிறோம். ஆனால் அவருக்கு இருபது வயதாயிருந்த 1865-ல் சென்னையிலோ லண்டனிலோ பெண்ணைச் சேர்த்துக்கொள்ள எந்த மருத்துவக் கல்லூரியும் இல்லை. எலிஸபெத் காரெட் என்ற அம்மையார் அவ்வாண்டில் இங்கிலாந்தில் மருந்தாளர் சங்கத்தின் விதியில் இருந்த ஓர் இடைவெளி வழியாக உரிமம் பெற்றார். உடனே சங்கத்தார் அந்த இடைவெளியையும் அடைத்துவிட்டனர். ஆகவே தாமதம் முழுவதையும் தாமதித்தவர் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. பாதித் தாமதம் பூட்டிக் கிடந்த கதவினுடையது.

அந்தக் கதவை 1875-ல் திறந்தவர் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர். இவர் நம் சமூகம் மறக்கக்கூடாத ஒருவர். கர்நாடக நவாபின் தர்பாரில் சர்க்காரின் பிரதிநிதியாயிருந்தவர், பாரசீகமும் உருதும் அறிந்தவர். சென்னையில் முஸ்லிம்களுக்கென்று பொது நூல்நிலையம் ஒன்று ஏற்பட முன்னின்றவரும், சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராயிருந்தவரும் இவரே. கோஷாப் பெண்களின் கஷ்டத்தை நன்கு உணர்ந்திருந்த இவருடைய முயற்சியால் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கென்று மூன்றாண்டுப் படிப்பு தொடங்கியது. முதல் ஆண்டில் சேர்ந்தவர் நால்வர். மற்ற மூவரும் மணமாகாதவர்கள். மூன்று பிள்ளைகளின் தாயாக அங்கே அமர்ந்திருந்தவர் மேரி ஒருவரே.

கல்லூரி வாழ்வு எளிதாக அமையவில்லை. பெண்கள் வார்டுக்குள் வந்து நின்று பாடம் கேட்பது பெரிய மருத்துவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வருவதைத் தடுக்க அதிகாரமில்லை, ஆனால் கற்பிக்க மனமுமில்லை என்ற விதமாக நடந்துகொண்டவரும் உண்டு. மேரி யாரோடும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. படிப்பில் சுணங்காமலிருந்ததே அவருடைய பதிலாயிற்று. நாளடைவில் ஆசிரியர்களின் மனமும் இளகியது. வீட்டில் கணவர் குறுக்கே நிற்கவில்லை. சென்னை வெயிலில் ஆஸ்பத்திரி வேலை, வீட்டில் பிள்ளைகள், இரவில் பாடம் என்று மூன்றாண்டுகள் கழித்து 1878-ல் வைத்தியம், ரண சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றில் உரிமம் பெற்றார்.

அந்த உழைப்பு அவருடைய தேகத்தைப் பாதித்துவிட்டது. அதே ஆண்டில் பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. இன்னொருவராயிருந்தால் கையில் உரிமம் இருக்கிறது, வயது முப்பத்து மூன்றாகிறது, போதும் என்று இருந்திருப்பார். மேரி தம் கல்வியின் குறைகளைத் தாமே எடை போட்டுப் பார்த்தார். நம்பிக் கதவைத் திறக்கப் போகும் பெண்களுக்கு அரைகுறை வைத்தியம் கொண்டுபோகக்கூடாது என்று தீர்மானித்தார். 1874-ல் ஏற்பட்டிருந்த லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மறுபடியும் மாணவியாகச் சேர்ந்தார். அவர் இங்கிலாந்து சேர்ந்த அந்த 1878-ஆம் ஆண்டில்தான் லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்திருந்தது.

1882-ல் அவர் பட்டம் பெற்றார். லண்டன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்ற முதற்பெண்கள் இருவர். ஒருவர் ஈடித் ஷோவ், மற்றவர் மேரி ஷார்லிப். மேரிக்குப் பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. அதன் பிறகும் வியன்னாவுக்குச் சென்று பிரசவ ரண சிகிச்சையில் மேற்பயிற்சி பெற்றார். ஸெம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே நகரம்!

1883-ல் மேரி சென்னைக்குத் திரும்பினார். ஒரு காலத்தில் பெண் என்பதால் ஒதுக்கிய அதே மருத்துவக் கல்லூரி இப்பொழுது அவரைப் பிரசவ வைத்தியத்திலும் பெண்கள் நோய்களிலும் பாடம் நடத்த அழைத்தது. நோயாளிகள் அவரைத் தேடி வந்தனர், அவரும் இல்லங்களுக்குச் சென்றார். ஆயினும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. படுக்கை, கருவிகள், தாதிகள், சுத்தமான அறை ஆகிய யாவும் ஒரே இடத்தில் இருந்தாலன்றி ரண சிகிச்சை செய்ய முடியாது. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதல் தாதி வரை பெண்களாகவே இருக்க வேண்டும். திரைக்கும் சாதி ஆசாரத்துக்கும் பழுது வராதென்ற நம்பிக்கை ஏற்பட்டாலொழிய எந்தக் குடும்பமும் பெண்களை அனுப்பாது.

கவர்னர் கிராண்ட் டஃப்பின் மனைவியார் முதலியோர் ஆதரவு தந்தனர். விக்டோரியா மகாராணி தம் பெயரை வைத்துக்கொள்ள இசைந்தார். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் விக்டோரியா ராணி சாதி, கோஷா ஸ்திரீகள் ஆஸ்பத்திரி தொடங்கிற்று. பின்னர் வெங்கடகிரி ராஜா அளித்த பெருங்கொடையின் துணையால் 1890-ல் சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. முஸ்லிம் மாதரின் மறைவைக் காப்பதற்கு ஓர் ஆங்கில மாது பாடுபட, ஒரு ஹிந்து ராஜா பொருள் தந்தார் என்பதை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களுடைய ஆசாரத்தைக் கைவிடச் சொல்லாமல், அதற்குள்ளேயே உயிர் பிழைக்க வழி செய்து கொடுத்ததுதான் இந்த ஆஸ்பத்திரியின் சிறப்பு.

சொந்தக் கட்டடத்தைக் காண மேரி சென்னையில் இல்லை. 1887-ல் உடல்நலம் மீண்டும் கெட்டதால் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். கணவர் சென்னையிலேயே தொழில் நடத்தி வந்தார். 1891-ல் அவர் காலமானார். லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைக்கும் ஐந்தொகை பொய்க்கணக்கு என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். ஆகவே இதையும் சொல்லுகிறோம். இந்தத் தாமதமான கல்விக்கு மேரி கொடுத்த விலை பெரிது. தேக சுகத்தை இழந்தார், கணவரை விட்டு ஆண்டுக் கணக்கில் கடலுக்கு அப்பால் வாழ்ந்தார்.

அவர் கற்பதை மட்டும் நிறுத்தவில்லை. 1888-ல் லண்டன் சர்வகலாசாலையின் எம்.டி. பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. 1897-ல், பேரன் பேத்தி எடுக்கும் வயதில், ரண சிகிச்சையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பெண்களுக்கான புதிய ஆஸ்பத்திரியில் எலிஸபெத் காரெட் அம்மையாருக்குப் பின் தலைமை ரண சிகிச்சை நிபுணராக விளங்கினார். 1902-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி அவரைப் பெண்கள் நோய் மருத்துவராக நியமித்தது. ஆண்களும் பெண்களும் சிகிச்சை பெறும் பெரிய பொது ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு அத்தகைய பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை. 1926-ல் அரசாங்கம் டேம் என்ற உயர்ந்த விருது வழங்கிக் கௌரவித்தது. 1930-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி, எண்பத்தைந்தாம் வயதில், அவர் இவ்வுலகை நீத்தார்.

இனிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பதாவது வயதில் கல்லூரியில் நுழைந்தவருக்கு அதன் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டு ஆயுளை இறைவன் வைத்திருந்தான். முன்னே கழிந்த ஆண்டுகளும் வீண்போகவில்லை. சட்டப் பத்திரிகை வேலை செய்த கைக்கு அரசாங்கத்தாரிடம் காரியம் சாதிக்கக் கடிதம் எழுதத் தெரிந்திருந்தது. சென்னையில் குடும்பம் நடத்திய அனுபவத்தால் அந்நகரத்து வீடுகளின் நடைமுறை பழகியிருந்தது. தாமே மூன்று முறை பிரசவ வேதனைப்பட்டவராதலால் பிரசவ அறையிலிருப்பவளின் அச்சம் அவருக்கு ஏட்டில் படித்ததாக இருக்கவில்லை. இருபது வயது மாணவிக்கு இந்த முதல் கையில் இராது.

நம் மார்க்கமும் இதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் அதற்கு வயது வரம்பு கட்டவில்லை. பக்தாதில் பெரிய ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்து, பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து எழுதிய மேதை அர்ராஜி, வயது முதிர்ந்த பிறகுதான் வைத்தியம் கற்கத் தொடங்கினார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கின்றனர்.

இச்சிங்கப்பூரிலும் இதே விஷயம் நம் கண் முன்னே நடந்ததுதான். தேக்காவில் வியாபாரம் செய்யும் நம்மவர் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தில், 1924-ல் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி பிரசவ ஆஸ்பத்திரியாயிற்று. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,000-க்கு மேல். ஒரே ஆஸ்பத்திரியில் ஓராண்டில் அத்தனை பிரசவம் என்பது உலக சாதனையாகப் பதிவாயிற்று. 1997-ல் அது எதிரே புக்கிட் தீமா சாலையில் புதுக் கட்டடத்துக்கு மாறியது. சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளி 1905-ல், சீன வியாபாரி தான் ஜியாக் கிம் முதலியோர் மனுக் கொடுத்து நிதி திரட்டியதால் ஏற்பட்டது. வியாபாரிகளின் பணம் எங்கே போய்ச் சேர்ந்தால் தலைமுறைக்கும் நிற்கும் என்பதற்கு அது சாட்சி. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அங்கே கல்வி முறிந்தது. 1946-ல் கல்லூரி மறுபடி திறந்தபோது ஆண்டுகளைப் பறிகொடுத்த மாணவர்கள் வயது கூடியவர்களாகத் திரும்பி வந்து படித்து டாக்டரானார்கள். அவர்களை யாரும் காலம் போனவர்கள் என்று திருப்பியனுப்பவில்லை.

இன்று கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. 2007 முதல் அவுட்ரமில் மாணவர்களைச் சேர்த்து வரும் டியூக் சிங்கப்பூர் மருத்துவப் பள்ளி, வேறு துறையில் ஏற்கனவே பட்டம் பெற்றவர்களுக்காகவே நான்காண்டுப் படிப்பு நடத்துகிறது. இந்தியாவிலும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கிருந்த உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டது.

கதவு திறந்திருந்தும் நம் வீட்டார் வாசலில் தயங்குவது எதனால்? தகப்பனார் மௌத்தானதும் தம்பி தங்கையருக்காகப் படிப்பை நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்த மூத்த மகன் நம்மிடையே இல்லையா? மணமாகிப் பிள்ளை பெற்ற பின்பும் பாடப் புத்தகத்தைத் தூக்கியெறிய மனமில்லாத மகள் இல்லையா? இவர்கள் வாய் திறந்து கேட்டால், இந்த வயதிலா என்ற முகக்குறியே நம்மிடமிருந்து முதற்பதிலாக வருகிறது.

கேட்பவர் எல்லாரையும் அனுப்பிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. படிப்புச் செலவு பெரிது, இடம் கிடைப்பது அரிது, படித்து முடித்தாலும் பயிற்சி ஆண்டுகள் உண்டு. அதுவரை குடும்பத்தை யார் பார்ப்பது, கடையை யார் நடத்துவது என்பதை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணிப் பார்ப்பது வேறு, எண்ணாமலே மறுப்பது வேறு. எட்டாண்டு முதல் போட்டு அதன்பின் கால் நூற்றாண்டு நடக்கக்கூடிய ஒரு வியாபாரம் வந்தால், எட்டாண்டு அதிகமென்று விட்டுவிடுவோமா? அதிலும் இது வெறும் வருமானக் கணக்கல்ல. தமிழன்றி வேறு பாஷை அறியாத முதியவரும், பெண் டாக்டரிடமே மனம் திறக்கும் தாய்மாரும் நம் இல்லங்களில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் பாஷையும் மனமும் அறிந்து, வாழ்க்கையில் அடிபட்டுப் பக்குவப்பட்ட ஒருவர் டாக்டராக வந்து கட்டிலருகே நின்றால் அதன் மதிப்பு எவ்வளவு!

ஆகவே சகோதரர்களே! கல்வி உதவி வழங்கும் நம் சங்கங்கள் விண்ணப்பத்தில் வயதைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடாமல், தகுதியையும் உறுதியையும் பார்த்து முடிவு செய்ய வேண்டுகிறோம். கல்லாவில் உட்கார்ந்து குடும்பத்தைக் கரையேற்றிய அண்ணனுக்கு, கரையேறிய தம்பிமார் சில ஆண்டுகள் கடையைப் பார்த்துக்கொடுப்பது தர்மமல்ல, கடன் தீர்ப்பது. மகள் படிக்கப் போனால் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி முன்வந்தாலே பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

டாக்டர் பால்ஃபர் ஒரு கதவைத் திறந்தார். முப்பது வயது மாது ஒருவர் அதில் நுழைந்தார். 1875-ல் திறந்த அதே கல்லூரியிலிருந்து 1912-ல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பட்டம் பெற்று வந்தார். சேப்பாக்கத்து ஆஸ்பத்திரியில் இன்றும் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கின்றன. நம் இல்லங்களில் மூடிக் கிடக்கும் கதவுகளைத் திறக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.